கறுத்த திரையின் காரணம்

“மகன் ரொறன்ரோவில் இருந்துகொண்டு என் கணினியைத் திறந்து வேலை செய்கிறான். பாதி வேலையில் அவனுடைய திரை கறுத்துவிடுகிறதாம். என் முன்னால் உள்ள திரையில் எல்லாம் தெரிகின்றது. நடுவே பெட்டியொன்று தோன்றி ஏதோ கேட்டுக்கொண்டு நிற்கின்றது, அவ்வளவுதான். பழுதுபட்டது என் கணினியா, அவனுடையதா? கடைக்காரர் புதிதாக ஒன்று வாங்கச் சொல்கிறார்.” ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் இப்பகுதிக்கு இவ்வாறு எழுதியிருக்கிறார்.

அன்பர் எதனையும் வாங்கவேண்டியதில்லை. இரு கணினிகளிலும் பழுதில்லை. ‘அவ்வளவுதான்’ என்று அவர் தள்ளிவிட்டாரே, அந்தப் பெட்டியே காரணம். அதற்கு வருமுன், தொலைவில் உள்ள கணினியின் திரை நம் கண்முன் எவ்வாறு வந்து தோன்றுகின்றது என்பதைச் சிறிது விளங்கிக்கொள்ளல் வேண்டும். பிள்ளைகள் கடல் கடந்து வாழும் வீடுகளில் இன்று வங்கிக் கணக்கும், ஓய்வூதியப் படிவமும், வைத்தியசாலைத் திகதியும் கணினியின் உள்ளேதான் இருக்கின்றன. பெற்றோருக்குத் தெரியாததைப் பிள்ளைகள் ரீம்வியூவர், எனிடெஸ்க், ரிமோட் டெஸ்க்டொப் முதலிய மென்பொருள்களின் உதவியால் அங்கிருந்தே செய்து கொடுக்கின்றனர். அந்த உதவி நடுவழியில் அறுந்துபோனால் முதியவர் அடுத்தபடியாக யாரைக் கூப்பிடுவார் என்பது சிறிய விடயமன்று. இதனைப் பின்னர் பார்ப்போம்.

கணினித் திரை என்பது புள்ளிகளால் ஆன ஒரு கோலம். இந்நாளில் சாதாரணமான திரையொன்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 20 இலட்சத்துக்கு மேல். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல மூன்று பைற் வேண்டும். ஆகவே ஒரேயொரு திரைப்படத்துக்கு ஏறக்குறைய 62 இலட்சம் பைற் தேவை. அசைவு இயல்பாகத் தோன்றுவதற்குச் செக்கனுக்கு 30 படங்கள் வேண்டுமென்றால், செக்கனுக்கு 18 கோடி பைற்றுக்கு மேல் போய்க்கொண்டிருக்க வேண்டும். வீட்டு இணைய இணைப்புகளுள் பெரும்பாலானவை இதனைத் தாங்கமாட்டா. ஆதலால் இம்மென்பொருள்கள் முழுப்படத்தையும் திரும்பத் திரும்ப அனுப்புவதில்லை. மாறிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்துச் சுருக்கி அனுப்புகின்றன. மறுமுனையில் உள்ள கணினி அத்துண்டுகளை உரிய இடங்களில் ஒட்டிப் படத்தை மீள உருவாக்குகின்றது. மகன் பார்ப்பது தந்தையின் திரையை அன்று, அதன் பிரதியை. பிரதி கறுத்துவிட்டதனால் மூலம் கறுத்ததாகாது.

இவ்வகை மென்பொருளின் பழைய வரலாற்றில் ஒரு கோப்பிப் பாத்திரத்துக்கும் இடமுண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வுகூடத்தில் 1991ஆம் ஆண்டிலே, கோப்பி வடிக்கும் பாத்திரத்தின் எதிரே ஆய்வாளர்கள் ஒரு கமெராவை வைத்தனர். மாடிப்படி ஏறி வந்து வெறும் பாத்திரத்தைக் கண்டு திரும்பும் ஏமாற்றத்தைத் தவிர்ப்பதே நோக்கம். பாத்திரத்தின் சிறிய சாம்பல்நிறப் படம் அவரவர் கணினித் திரையில் ஒரு மூலையில் தெரியும். அந்தப் படத்தைக் காட்டும் மென்பொருளை எழுதிய குவென்டின் ஸ்ரபோர்ட்–பிரேசர், பின்னாளில் அதே நகரில் ஒலிவெற்றி ஆய்வுகூடத்தில் உருவான வி.என்.சி. என்னும் மென்பொருளை ஆக்கியவர்களுள்ளும் ஒருவர். 1998ஆம் ஆண்டில் வி.என்.சி. உலகுக்கு இலவசமாகவே கிடைத்தது. அதே ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனமும் விண்டோஸ் என்.ரி. 4.0இன் ஒரு பதிப்பில் தன்னுடைய ஆர்.டி.பி. முறையை வெளியிட்டது. கோப்பிப் பாத்திரத்தின் கமெரா 2001 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டது. பாத்திரத்தை ஜேர்மனியச் சஞ்சிகையொன்றின் இணையப் பிரிவினர் ஏலத்தில் வாங்கினர். கோப்பிக்காகத் தொடங்கியதென்று இதனை எள்ளவேண்டாம். எழுந்து போக முடியாத இடத்தை இருந்த இடத்திலிருந்து பார்க்கவேண்டும் என்ற தேவைதான் அங்கும் இருந்தது, இங்கும் இருக்கின்றது.

வி.என்.சி. முறை திரையைப் புகைப்படம் பிடிப்பது போன்றது. தோன்றியதை அப்படியே புள்ளிகளாக எடுத்து அனுப்பும். ஆர்.டி.பி. தொடக்கத்தில், ‘இந்த இடத்தில் ஒரு கோடு, இந்த இடத்தில் இவ்வெழுத்து’ என்று வரையும் கட்டளைகளை அனுப்பியது. இப்பொழுது இருவகையும் கலந்துவிட்டன. எனினும் ஒரு வேறுபாடு நினைவிருக்கட்டும். ரீம்வியூவர் போன்றவற்றில் வீட்டில் இருப்பவரும் தொலைவில் இருப்பவரும் ஒரே திரையை ஒருங்கே பார்க்கலாம். விண்டோசின் சொந்த ரிமோட் டெஸ்க்டொப்பிலோ, மகன் உள்ளே நுழைந்ததும் தந்தையின் திரை பூட்டிக்கொள்ளும். மணியும் திகதியும் காட்டும் முகப்புப் படம் வந்துவிடும். அது பழுதன்று, அம்முறையின் இயல்பு. (விண்டோசின் ஹோம் பதிப்பைத் தொலைவிலிருந்து திறக்க இவ்வசதி கிடையாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். இருக்கிறதென்று நம்பி மணிக்கணக்காகத் தேடுவோர் பலர்.)

திரை கறுத்ததும் கேட்கவேண்டிய முதற்கேள்வி ஒன்றே. யாருடைய திரை கறுத்தது? வீட்டில் உள்ளவர் திரையா, தொலைவில் உள்ளவர் திரையா? இதனைத் தொலைபேசியில் கேட்க அரை நிமிடம் போதும். இதைக் கேளாமலே மென்பொருளை அழிப்பதும் மீண்டும் ஏற்றுவதும் கணினியைக் கடைக்குத் தூக்கிச் செல்வதுமாகப் பலர் அலைகின்றனர்.

நம் அன்பரின் செய்திக்கு வருவோம். கணினியின் அடிப்படை அமைப்பை மாற்றும் எந்தக் காரியத்தையும் தொடங்குமுன், ‘இதனை அனுமதிக்கிறீரா?’ என்று விண்டோஸ் கேட்கும். 2007இல் வந்த விஸ்ராவுடன் இவ்வழக்கம் தொடங்கியது. அப்பொழுது மற்றெல்லாம் மங்கி, கேள்விப் பெட்டி மட்டும் தெரியும். அந்தப் பெட்டி வழக்கமான திரையில் எழுவதன்று. வேறான, பாதுகாக்கப்பட்ட ஒரு திரையில் எழுவது. சாதாரண மென்பொருள் எதுவும் அதனைப் பார்க்கவோ அதன்மீது சுட்டியை அழுத்தவோ முடியாது. தீய மென்பொருளொன்று தானே கேட்டுத் தானே ‘ஆம்’ என்று சொல்லிக்கொள்ளாதிருப்பதற்கே இந்த ஏற்பாடு. மகன் பயன்படுத்தும் மென்பொருளும் அதன் கண்ணுக்கு அந்நியன்தான். ஆகவே மகனுக்குத் திரை கறுக்கும், அல்லது அசைவற்று உறைந்துபோகும். தொலைபேசியில் பின்வருமாறு பேசினாலே காரியம் முடிந்தது:

“அப்பா, உங்கட திரையில ஏதும் பெட்டி வந்து நிக்குதோ?”

“ஓம் தம்பி. யெஸ், நோ எண்டு கேக்குது.”

“என்ன பேர் போட்டிருக்கெண்டு வாசியுங்கோ. சரி, இப்ப யெஸ்ஸை அமத்துங்கோ.”

பெயரை வாசிக்கச் சொன்ன அந்த இடத்தைக் கவனிக்க. எதற்கு அனுமதி கொடுக்கிறோம் என்று தெரியாமல் ‘யெஸ்’ அழுத்தும் பழக்கத்தைப் பெற்றோருக்குப் பிள்ளைகளே கற்பித்துவிடலாகாது. அடிக்கடி இவ்வாறு நேருமாயின், அந்த மென்பொருளைச் சும்மா திறந்து பயன்படுத்தாமல் கணினியில் முறையாக நிறுவிக்கொண்டால், பெட்டி பெரும்பாலும் மகனுக்கும் தெரியும்.

அப்பிள் நிறுவனத்தின் மக் கணினிகளில் கதை வேறு. 2019இல் வந்த கற்றலீனா பதிப்பு முதல், திரையைப் பதிவுசெய்யும் உரிமையை ஒவ்வொரு மென்பொருளுக்கும் உரிமையாளரே தனித்தனியாகக் கொடுத்தல் வேண்டும். கொடாவிட்டால் நிகழ்வது விசித்திரமானது. பின்னணிப் படம் அழகாகத் தெரியும். அதன்மேல் திறந்திருக்கும் கடிதமோ படிவமோ எதுவும் தெரியாது. “உங்கள் கணினியில் ஒன்றுமே திறந்திருக்கவில்லையே” என்று மகள் சொல்வாள். “எல்லாம் திறந்துதான் இருக்கின்றன” என்று தாய் சொல்வாள். இருவரும் உண்மையே பேசுகின்றனர்! அமைப்புப் பகுதியில் தனியுரிமை, பாதுகாப்பு என்னும் தலைப்பின் கீழ் திரைப் பதிவுக்கான பட்டியல் உண்டு. அங்கே அந்த மென்பொருளின் பெயருக்கு எதிரே உள்ள ஆளியை இயக்கி, மென்பொருளை மூடித் திறந்தால் போதும். சுட்டியையும் விசைப்பலகையையும் இயக்கும் உரிமை வேறோரிடத்தில் உள்ளது. பார்க்க முடிகின்றது, ஆனால் ஒன்றையும் அழுத்த முடியவில்லை என்றால் அந்த இரண்டாவது உரிமை கொடுக்கப்படவில்லை என்று கொள்க. இவ்விரண்டையும் வீட்டில் இருப்பவரே கொடுத்தல் வேண்டும். ஆகையால் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து திரும்புமுன் செய்துவைப்பது உத்தமம்.

லினக்ஸ் பயன்படுத்துவோர் இப்பக்கத்தைப் படிப்பவர்களுள் சிலரே. வேலண்ட் என்னும் புதிய திரைமுறையிலும் இதே அனுமதிதான் பிரச்சினை என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லி மேலே செல்கிறேன்.

திரை கறுப்பதற்கு மிக எளிய காரணமும் ஒன்றுண்டு. வீட்டார் மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டு அடுக்களைக்குப் போயிருப்பர். அல்லது மேசைக் கணினியின் திரையை மின் சிக்கனம் கருதி அணைத்திருப்பர். எதிரே திரை இல்லையென்று கண்ட கணினி, ‘யாருக்காகப் படம் வரைவது?’ என்று வாளாவிருந்துவிடும். அல்லது மிகச் சிறிய அளவில் மட்டும் வரையும். திரையே இணைக்காத கணினிகளை இயக்குவோர் எச்.டி.எம்.ஐ. துவாரத்தில் செருகும் சிறிய போலிச் செருகி ஒன்றை வாங்கிப் பொருத்துகின்றனர். விரல் நுனியளவான அப்பொருள், ‘நான் ஒரு திரை’ என்று கணினியிடம் பொய் சொல்லும். வீடுகளுக்கு அது வேண்டாம். மூடியைத் திறந்து வைக்கச் சொன்னால் போதும்.

விண்டோசின் ரிமோட் டெஸ்க்டொப்பில் சுட்டியின் அம்புக்குறி மட்டும் அசைய, மற்றெல்லாம் கறுத்துக் கிடப்பதுண்டு. அம்பு அசைகின்றதென்றால் இணைப்பு உயிரோடிருக்கின்றது. திரையின் முகப்பை வரையும் எக்ஸ்ப்ளோரர் என்னும் பகுதி எழும்பவில்லை என்பது பெரும்பாலும் பொருந்தும். கொன்ட்றோல், ஓல்ட், எண்ட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தவேண்டும். டிலீட்டை அழுத்தினால் அக்கட்டளை உங்கள் கணினிக்கே போய்விடும். எண்ட் விசைதான் அதனைத் தொலைவுக்கு அனுப்பும். வரும் பட்டியலில் டாஸ்க் மனேஜரைத் திறந்து, புதிய வேலை தொடங்கும் இடத்தில் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கில எழுத்தில் இட்டால் திரை உயிர்பெறும். படம் துண்டு துண்டாகக் கலைந்து, பழைய படத்தின் எச்சங்கள் ஒட்டிக்கொண்டு தோன்றினால், இணைப்புப் பெட்டியின் எக்ஸ்பீரியன்ஸ் பகுதியில் பழைய படத்துண்டுகளைச் சேமித்துவைக்கும் வசதியை நிறுத்திப் பார்க்கலாம். ஒட்டுவதற்கு வைத்த துண்டுகளே பழுதானால் ஒட்டிய படம் எப்படிச் சரியாகும்?

படம் மங்கலாகவும் இழுபட்டும் வருகின்றதென்பது இன்னொரு முறைப்பாடு. இங்கே பெரும்பாலோர் தவறாக விளங்கிக்கொள்வது ஒன்றுண்டு. ரொறன்ரோவில் எவ்வளவு வேகமான இணைப்பு இருந்தாலும் பயனில்லை. படம் புறப்படுவது வீட்டிலிருந்து. வீட்டு இணைப்புகளில் தரவு உள்ளே வரும் வேகத்திலும் வெளியே போகும் வேகம் பெரும்பாலும் குறைவு. அந்தக் குறுகிய ஒழுங்கையால்தான் படம் முழுவதும் போகவேண்டும். அதே நேரத்தில் பேரப்பிள்ளை கைத்தொலைபேசியிலிருந்து காணொளியொன்றை மேலேற்றிக்கொண்டிருந்தால் கேட்கவும் வேண்டுமா? பின்னணிப் படத்தை நீக்கி வெறும் நிறமாக வைத்தல், நிறங்களின் எண்ணிக்கையைக் குறைத்தல், கணினியைக் கம்பி மூலம் மோடத்துடன் இணைத்தல் என்பன கைகண்ட வழிகள். எழுத்துகள் மட்டும், அதிலும் நீலத்தின்மேல் சிவப்பு போன்ற நிற எழுத்துகள் மட்டும், ஓரம் கலங்கித் தெரிந்தால் காரணம் வேகமன்று. காணொளியைச் சுருக்கும் முறைகள் வெளிச்சத்தை நுணுக்கமாகவும் நிறத்தைப் பரும்படியாகவும் அனுப்புகின்றன. முகங்களுக்கு அது போதும், எழுத்துக்குப் போதாது.

இனி எழுத்தின் அளவு. இவ்விடயத்தில் பிள்ளைகள் மீது எனக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு. மகனிடம் 3,840 புள்ளி அகலமுள்ள பெரிய திரை இருக்கும். தந்தையிடம் 1,366 புள்ளி அகலமுள்ள பழைய மடிக்கணினி இருக்கும். ஒன்றை மற்றொன்றில் காட்டும்போது எழுத்துகள் எறும்பாகவோ யானையாகவோ தோன்றுதல் இயல்பே. அதற்கு மென்பொருளின் பார்வைப் பட்டியலிலேயே ‘திரைக்குப் பொருத்திக் காட்டுக’ என்னும் வகையிலான தெரிவு உண்டு. அது பார்ப்பவரின் பக்கத்தில் மட்டும் மாற்றத்தைச் செய்யும். அவசரக்காரப் பிள்ளைகள் அதனைத் தேடாமல் தந்தையின் கணினியிலேயே திரையளவையும் எழுத்தளவையும் தங்கள் வசதிக்கு மாற்றி, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுப் போய்விடுகின்றனர். மறுநாட் காலையில் கண்ணில் வெண்புரை உள்ள மனிதர் வங்கிக் கணக்கின் இலக்கங்களைக் கண்டுபிடிக்க முடியாமல் பூதக்கண்ணாடியைத் தேடுவார். நம் வீட்டுக்கு வந்தவர் நாற்காலிகளை இடம் மாற்றிவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து போனால் எப்படியிருக்கும்?

திரைப்படம் ஓடும் பகுதி மட்டும் கறுத்துத் தெரிந்தால் கவலை வேண்டாம். காசு கொடுத்துப் பார்க்கும் படங்களைப் பிரதி எடுக்காவண்ணம் தடுக்கும் பூட்டு அது. அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகளில் வங்கிச் செயலிகள் பலவும் இதே வகைப் பூட்டைத் தமக்கு இட்டுக்கொண்டிருக்கின்றன. திரையைப் பகிரும்போது அப்பகுதி கறுப்பாகவே போகும். அதனை நீக்கும் வழி கேட்டு யாரும் எழுதவேண்டாம். நீக்கக்கூடாது.

இதுவரை சொன்னவை எல்லாம், ஒரு காரணத்தைத் தவிர, தொலைவில் இருப்பவருடைய திரை கறுப்பதைப் பற்றியவை. அவை தொல்லைகள், ஆபத்துகள் அல்ல. வேறொருவர் கணினியுள் நுழைந்திருக்கும்போது வீட்டில் இருப்பவருடைய திரை கறுத்தால், அதன் பொருள் முற்றிலும் வேறு.

என் அயலில் வாழும் ஓய்வுபெற்ற தாதி ஒருவருக்குத் தொலைபேசி அழைப்பொன்று வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னான். தமிழும் நன்றாகவே பேசினான். கணக்கில் ஏதோ கோளாறு என்றும், திருத்துவதற்கு ஒரு மென்பொருளை ஏற்றவேண்டும் என்றும் கூறினான். வெளிநாட்டில் உள்ள மகள் பயன்படுத்தும் அதே மென்பொருள்தான். ஆகையால் அம்மையாருக்கு ஐயம் எழவில்லை. திரையில் தோன்றிய இலக்கங்களை வாசித்துக் கொடுத்தார். சிறிது நேரத்தில் திரை முழுவதும் கறுத்தது. “திருத்தம் நடக்குது அம்மா, ஒண்டையும் தொடாதேங்கோ” என்றது குரல்.

அம்மையார் கணினி கற்றவரல்லர். ஆனால் மகள் வேலை செய்யும்போதெல்லாம் அருகே நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர். சுட்டி தானாக ஓடுவதும், பெட்டிகள் திறந்து மூடுவதும் அவருக்குப் பொழுதுபோக்கு. மகள் வேலை செய்யும்போது தம் திரை ஒருநாளும் கறுத்ததில்லையே என்று அவருக்குத் தோன்றியது. எழுந்து சென்று மோடத்தின் மின்செருகியைப் பிடுங்கிவிட்டார். அவருடைய கைத்தொலைபேசியில் வங்கி அனுப்பிய ஆறு இலக்க எண்ணொன்று வந்து கிடந்தது. அதனைக் கேட்பதற்குள் இணைப்பு அறுந்துபோயிற்று.

இம்மென்பொருள்கள் சிலவற்றில் உரிமையாளரின் திரையை வேண்டுமென்றே கறுப்பாக்கும் வசதி உண்டு. அலுவலகத்தில் ஆளில்லா மேசையிலுள்ள கணினியை ஊழியர் வீட்டிலிருந்து இயக்கும்போது, வழியே போவோர் எட்டிப் பாராதிருக்க வைத்த நல்ல வசதி அது. கள்வர் கையில் அதுவே திரைச்சீலையாகிவிடுகின்றது. அதன் பின்னால் கணக்கு காலியாகும்.

அம்மையாருக்குப் பின்னர் செய்யவேண்டியிருந்த காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். இணையம் துண்டித்த நிலையிலேயே அந்த மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்கினோம். தம்மை அழைத்த எண்ணுக்கன்றி, வங்கிப் புத்தகத்தில் அச்சிட்டிருந்த எண்ணுக்கு அவர் வேறொரு தொலைபேசியிலிருந்து பேசிக் கணக்கை நிறுத்திவைக்கச் சொன்னார். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் அல்லாமல் வேறொன்றில் இருந்து மாற்றினோம். மகள் அடுத்தமுறை இணைவதற்கு முன், தானே முதலில் வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பதென்றும், திரையில் தோன்றும் இலக்கங்களை அவ்வழைப்பிலன்றி வேறெவருக்கும் வாசித்துக் காட்டுவதில்லை என்றும் இருவரும் பேசிக்கொண்டனர். மோடத்தின் மின்செருகியில் இப்பொழுது ஒரு சிவப்பு நாடா கட்டியிருக்கின்றது.